காய்ந்த கண்ணுக்கு ஒரு சொட்டு

கண்ணுக்கு மருந்து விடுகிற வேலையில் ஒரு விசித்திரம் உண்டு: நம் முகம் யாருக்கும் நினைவிருக்காது, ஏனென்றால் நாம் கிட்டே போகும்போதெல்லாம் அவர்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார்கள். ஆம்பூரில் ஒரு சின்ன தர்ம கண் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். பஜாரில் எதிரே வந்தால் ஒருவருக்கும் என்னை அடையாளம் தெரியாது. "கொஞ்சம் தலையை அண்ணாத்துங்க" என்று சொன்னால் போதும், குரலைக் கேட்டதுமே கண்டுபிடித்துவிடுவார்கள். சிலர் பழக்கதோஷத்தில் நடுவீதியிலேயே தலையை அண்ணாத்தியதும் உண்டு.

தோல் வியாபாரி ஒருவர் தம் பழைய வீட்டை ஆஸ்பத்திரிக்காக விட்டுக்கொடுத்திருந்தார். வெளியே வெள்ளை வெயில், சுண்ணாம்பு, ஆவாரம்பட்டைத் தூள், சூளைப் புகை. கூடத்துக்குள் வந்துவிட்டால் பச்சைத் திரை, நனைத்த வெட்டிவேர்த் தட்டி, பாதி இருட்டு. குளத்தின் அடியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். கண்மேல் வெந்நீர்த் துணியோடு பெஞ்சில் வரிசையாகச் சாய்ந்திருப்பவர்கள் மெல்லப் பேசுவார்கள், பாதியில் நிறுத்துவார்கள், வேறு எங்கோ போய்விடுவார்கள். பாதி நாள் நான் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே நிச்சயமிருக்காது. இதைப் படிக்கிற உங்கள் கண்ணிலும் யாரோ மணலைத் தூவியதுபோல் கரகரப்பு இருந்தால், எழுத்து கலங்கி, கொட்டிக் கொட்டிப் பார்த்தபின் தெளிந்தால், நீங்களும் அந்தப் பெஞ்சுக்காரர்தான். வாருங்கள், தள்ளி உட்காருகிறோம்.

வெள்ளம் வந்த கண்

தோல் பதனிடுகிற டேனரியில் சுண்ணாம்புக் குழியிலிருந்து தோலை இழுத்துப் போடுகிறவன் கோவிந்தன். ஆள் மலை மாதிரி. வந்தபோது இரண்டு கண்ணிலும் தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா இமையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கண் காய்ந்திருக்கிறது என்றார். கோவிந்தன் எழுந்துவிட்டான். தோள்மேல் கிடந்த துண்டை எடுத்து அவர் மேஜைமேல் பிழிந்தே காட்டினான். "இது இன்னா, வேர்வையா? காஞ்ச கண்ணுல இவ்ளோ தண்ணி வருமா? வேற டாக்டரு இருந்தா கூப்டுங்க" என்றான்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வராது. மேஜையைத் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "உக்காரு கோவிந்தா. கண்ணு மேல எப்பவும் மெல்லிசா ஒரு ஈரம் பரவி நிக்கணும். அது சட்டுனு காயாம இருக்க, இமை ஓரத்திலேர்ந்து கொஞ்சம் எண்ணெய்ப் பசை கசியும். உனக்கு அந்த வாயெல்லாம் அடைச்சிக் கெடக்கு. நிக்க வேண்டிய ஈரம் காஞ்சி போயி கண்ணு எரியுது. எரியுதேன்னு உள்ளேர்ந்து வேற தண்ணி கொட்டுது. அது நிக்கிற தண்ணி இல்ல, ஓடிப்போற தண்ணி." பிறகு சுண்ணாம்புக் கையால் கண்ணைக் கசக்கக் கூடாது, குழியை விட்டு ஏறியதும் முகம் கழுவ வேண்டும், காலையும் மாலையும் வெந்நீர்த் துணி வைத்து இமையோரத்தை மெல்ல நீவ வேண்டும் என்று எனக்கும் அவனுக்குமாகச் சொன்னார்.

நான் துணியைப் பிழிந்து அவன் கண்மேல் வைத்தேன். அவ்வளவு பெரிய உடம்பு அந்தச் சூட்டுக்கு அப்படியே தளர்ந்து, சுவரோடு சாய்ந்தது. அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து நகர்ந்தபோது, துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "புரிஞ்சிடுச்சி நர்ஸம்மா. நம்ம பாலாறு மாதிரிதான். வெள்ளம் வந்து போன மறுநாளே மணல்ல ஊத்து தோண்டிதானே தண்ணி மொள்றோம்!"

கொட்டாத கண்

காதர் சாயபு தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவர். வடக்கு ஜன்னலோரம் நின்று ஒவ்வொரு தோலாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு கீறல், ஒரு உண்ணிக்கடித் தழும்பு தப்பக் கூடாது. பார்க்கும்போது இமை அசையாது. அதுதான் அவர் தொழில், அதுதான் அவர் வியாதியும். சாயங்காலமானால் எல்லாத் தோலும் பனி மூடியதுபோல் தெரிகிறது என்று வந்தார். கண் கொட்டாமல் பார்த்தால் ஈரம் காய்ந்துபோகும், ஒரு தோலை எடுக்கும்போது நாலு தடவை, வைக்கும்போது நாலு தடவை நன்றாக மூடித் திறங்கள் என்றார் டாக்டரம்மா. காதர் சாயபு சொன்னதை அப்படியே செய்கிற மனுஷர். அங்கேயே உட்கார்ந்து, பச்சைத் திரையைப் பார்த்து, தொழுகைக்கு உட்கார்ந்தவர் போன்ற பயபக்தியோடு கண்ணைக் கொட்டிப் பழகினார்.

தோல் மண்டியில் பேரம் வாயால் நடக்காது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். துணிக்கு அடியில் விரல் பேசும், மேலே கண் பேசும். ஒரு நாள் பட்டணத்திலிருந்து வந்த பெரிய வியாபாரி ஒருவர் சரக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதர் சாயபு தோலை எடுத்தார், நாலு தடவை கண்ணைக் கொட்டினார். வைத்தார், நாலு தடவை கொட்டினார். எதிரே யாரோ இன்னொரு வியாபாரி நின்றிருந்தார். பட்டணத்துக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். 'இங்கே ஏதோ ஏற்பாடு நடக்கிறது' என்று குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கே போய்விட்டார்.

மறுநாள் மண்டி முதலாளியே வந்துவிட்டார். பின்னால் காதர் சாயபு. பனி விலகி, அவர் கண் நன்றாகத் தெளிந்திருந்தது. அந்தக் கண்ணால் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி கும்பிடு போட்டுவிட்டுச் சொன்னார்: "இவருக்குக் கண்ணு நல்லாயிருச்சி, சந்தோஷம் டாக்டரம்மா. ஆனா பேரம் நடக்கறப்ப மட்டும் கொஞ்சம் திரும்பி நின்னு கொட்டச் சொல்லுங்க, ஒரே பேஜாரா இருக்குது!"

பின்வாசல்

எங்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே சுர்மா விற்கிற அமீர் பாய் உட்கார்ந்திருப்பார். உள்ளே மருந்து விட்டுக்கொண்டு வெளியே வருகிறவர்களைப் பார்த்து, "வெளிச்சம்! கண்ணுக்கு வெளிச்சம்!" என்று ராகம் போட்டுக் கூப்பிடுவார். அந்த ராகம் மத்தியானத்தில் திரைக்கு இந்தப் பக்கம் தாலாட்டு மாதிரிக் கேட்கும். டாக்டரம்மா கழுவி அனுப்பிய கண்ணில் அவர் மைத்தூளைத் தீட்டி அனுப்புவார். அதே கண் மறுபடி கரகரத்து உள்ளே வரும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போகும்போதும் வரும்போதும் சலாம் மட்டும் உண்டு.

ஒரு நாள் மத்தியானம் அந்த ராகம் கேட்கவில்லை. ஏதோ குறைகிறதே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, கிணற்றடிப் பக்கத்துக் கதவை யாரோ விரலால் சுரண்டினார்கள். திறந்தால் அமீர் பாய். இரண்டு கண்ணும் செக்கச் சிவந்து, திறக்க முடியாமல் இருந்தன. நாள் முழுக்கத் தூளை இடித்து, சலித்து, தம் கண்ணிலேயே தீட்டிக் காட்டியதில் வந்த வினை. டாக்டரம்மா வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை. உப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, தூள் பக்கமே கொஞ்ச காலம் போகாதீர்கள் என்றார். அவர் அப்புறம் அத்தர் வியாபாரத்துக்கு மாறிவிட்டார். ஆனால் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் இருவரிடமும் கெஞ்சினார்: "நான் வந்தது வெளிய தெரிய வேணாம் டாக்டரம்மா, முன்வாசல்ல நம்ம வாடிக்கைங்க நிக்கிறாங்க."

காட்பாடி வரைக்கும்

வரதராஜுலு கூட்ஸ் வண்டி டிரைவர். வருஷக்கணக்காக எஞ்சினுக்கு வெளியே தலையை நீட்டி, காற்றையும் கரித்தூளையும் கண்ணாலேயே வாங்கியவர். சிக்னல் விளக்கு இரண்டாகத் தெரிகிறது, மூன்றாகத் தெரிகிறது என்றார். ரயில்வே டாக்டர் பார்த்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள், அதற்கு முன்னால் சரி செய்துவிடுங்கள் என்று மெல்லிய குரலில் கேட்டார். வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள். லீவு போட்டுவிட்டு தினமும் வந்தார்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால்தான் ரயில் பாதை. ஒரு மத்தியானம் அவர் கண்மேல் துணி வைத்துவிட்டுத் திரும்பினேன். தூரத்தில் ஒரு வண்டி ஊதியது. வரதராஜுலுவின் வலது கை மடியிலிருந்து தானாக எழுந்தது, எதையோ பிடித்தது, மெல்லத் தள்ளியது. ஜன்னல் கம்பி அதிர வண்டி எங்களைத் தாண்டிப் போனது. அவர் உதடு முணுமுணுத்தது: "பச்சகுப்பம்... மேல்பட்டி..." கூடத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கண்ணை மூடிய அத்தனை பேரும் அவரோடு ஏறிக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. வெட்டிவேர்க் காற்று முகத்தில் அடித்தது. "வளத்தூர்... குடியாத்தம்..." யாரோ ஒரு பெரியவர் பக்கத்திலிருந்து, "குடியாத்தத்தில தண்ணி பிடிக்கலாமா?" என்று தூக்கத்திலேயே கேட்டார். நான் சொம்போடு நின்றேன், நானும் பாதையோரத்து மலைகளைப் பார்த்துக்கொண்டு.

அந்த மாதக் கடைசியில் அவர் கண்ணைச் சுற்றி மூடுகிற கண்ணாடி ஒன்று மாட்டிக்கொண்டு மறுபடி வண்டி ஏறினார். டாக்டரம்மாவின் கண்டிப்பான உத்தரவு அது. ஆனால் அந்த வண்டி ஊதிய மத்தியானம், துணி ஆறிப்போய்விட்டதே, மாற்றலாம் என்று நான் நெற்றியைத் தொட்டபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இன்னும் கொஞ்சம் போவட்டும்மா, காட்பாடி வந்ததும் எழுப்பு."

மீன் எண்ணெய்

குடியாத்தம் பக்கத்து நெசவுக் குடும்பத்துப் பெண் காமாட்சி. இடுப்பில் செல்லம் என்ற பெண் குழந்தை. இருட்டும் நேரத்தில் குழந்தை சுவரில் முட்டிக்கொள்கிறது, இப்போது பகலிலும் கண் திறப்பதில்லை என்றாள். டாக்டரம்மா இமையைப் பிரித்துப் பார்த்தார். கண்ணில் பளபளப்பே இல்லை. காய்ந்த மீன் செதிள் மாதிரி மங்கி, சுருக்கம் விழுந்து கிடந்தது. ஒரு கண்ணில் கருவிழி பாலாடை போலக் கரையத் தொடங்கியிருந்தது. "இது புழுதியால கண்ணு காஞ்சது இல்லம்மா. உடம்புல சத்து காஞ்சி போச்சி, அது கண்ணுல தெரியுது. கீரை, பழம் எல்லாம் அப்புறம். இப்ப உடனே மீன் எண்ணெய் குடிக்கணும். இல்லாட்டி ரெண்டு கண்ணும் போயிரும்" என்றார்.

காமாட்சி பின்வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். கவுச்சி வாசனையே படாத வீடு. மாமியாருக்குத் தெரிந்தால் குழந்தையையும் அவளையும் சேர்த்து வெளியே நிறுத்திவிடுவார்கள். நான் புட்டியைத் திறந்தேன். அந்த வாடை கூடம் முழுக்கப் பரவியது, கடலே உள்ளே வந்தது போல. குழந்தை முகத்தைத் திருப்பி அம்மா கழுத்தில் புதைத்தது. காமாட்சி கொஞ்ச நேரம் புட்டியையே பார்த்தாள். பிறகு புடைவைத் தலைப்பால் தன் முகத்தை முழுக்க மூடிக்கொண்டு, குழந்தையை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள். "நான் பாக்கல. ஊத்துங்க" என்று தலைப்புக்குள்ளிருந்து சொன்னாள்.

அப்படியே தினமும் முகத்தை மூடிக்கொண்டு கொடுத்தாள். ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்தோம். ஒரு கண் வெள்ளை விழுந்து போய்விட்டது, அதைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றக் கண்ணில் ஒரு காலை ஈரம் திரும்பியிருந்தது. ஜன்னல் வெளிச்சம் அதில் சின்னப் புள்ளியாக நின்றது. அத்தனை நாள் எதையும் தேடாத குழந்தை, கை நீட்டி அம்மாவின் முகத்திரையை இழுத்தது. காமாட்சி அழுதாள், ரொம்ப நேரம். ஊருக்குக் கிளம்புகிற அன்று, வீட்டில் கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டேன். அவள் வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னாள்: "ஒரு கண்ண சாமி எடுத்துகிச்சி, ஒரு கண்ண மீனு குடுத்திச்சி. நான் ரெண்டயும் கும்பிடறேன்னு சொல்வேன்."

அழாதவள்

திரை போட்ட வண்டியில் வந்தவள் ஜைத்தூன் பீ. கூடவே அவள் நாத்தனார் ஹாஜிரா. ஜைத்தூனுக்குக் கண் எரிச்சல் மட்டுமில்லை, வாயும் காய்ந்திருந்தது. தண்ணீர் இல்லாமல் ஒரு வாய் ரொட்டி இறங்காது. கருவிழிமேல் ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னப் புண்கள். புருஷன் இறந்து இரண்டு வருஷமாகிறது என்று ஹாஜிராதான் சொன்னாள். அதைச் சொல்லும்போதே அவள் கண் நிறைந்து வழிந்தது. அதோடு, ஜைத்தூன் இருக்கும்போதே சொன்னாள்: "என் தம்பி மையத்து வீட்ல கெடக்குது, இவ கண்ணுல ஒரு சொட்டு இல்ல டாக்டரம்மா. ஊரே பாத்திச்சி. கல்லு மனசு." ஜைத்தூன் தரையில் விழுந்த பச்சை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் இரண்டு வருஷமாக அவளிடம் யாரும் சரியாகப் பேசுவதில்லை என்பதைப் பிற்பாடு அறிந்தேன்.

டாக்டரம்மா ஒற்றுத்தாளை மெல்லிசாக மூன்று கீற்றாக வெட்டச் சொன்னார். ஒன்றை என் கீழிமையில் மாட்டினார், ஒன்றை ஜைத்தூனுக்கு. "உங்களுக்கும் ஒண்ணு வைக்கிறேன், பயப்படாதீங்க" என்று மூன்றாவதை ஹாஜிராவுக்கு. மூன்று பெண்கள் தாளைத் தொங்கவிட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தோம். வெளியே யாரோ ஆவாரம்பட்டை இடிக்கிற சத்தம் சீராகக் கேட்டது. நேரம் நகர்ந்ததா நின்றதா தெரியவில்லை. அப்புறம் டாக்டரம்மா மூன்று தாளையும் எடுத்து ஹாஜிராவின் உள்ளங்கையில் வைத்தார். என்னுடையது பாதிக்குமேல் நனைந்திருந்தது. ஹாஜிராவுடையது நுனிவரை சொதசொத என்றிருந்தது. மூன்றாவது தாள், வைத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே மொடமொடப்பாக இருந்தது. "இவங்களுக்குக் கண்ணீர் ஊறுற எடமே வத்திப்போச்சி. மனசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார் டாக்டரம்மா.

ஹாஜிரா அந்தக் காய்ந்த தாளை விரலால் தடவினாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி தடவினாள். ஜைத்தூன் முதல்தடவையாக வாயைத் திறந்து, "நான் உள்ளுக்குள்ளதான் அழுதேன் ஆபா, வெளிய வரல" என்றாள். அவ்வளவுதான், ஹாஜிரா அவள் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "மாப்பு பண்ணும்மா," என்றாள், "இனிமே உன் பங்குக்கும் நானே அழுதுர்றேன்."

ஜைத்தூனின் கண்ணீர்

வற்றிய ஊற்றைத் திரும்ப வரவழைக்க எங்களிடம் மருந்து இல்லை. டாக்டரம்மா அதை மறைக்கவுமில்லை. இருக்கிற கொஞ்ச ஈரமாவது மூக்குக்குள் வடிந்துபோகாமல் இருக்கட்டும் என்று, இமை மூலையில் கண்ணீர் வடிகிற சின்ன ஓட்டையைச் சூடாக்கிய மெல்லிய கம்பியால் சுட்டு அடைத்தார். ஹாஜிரா வெளியே நின்று ஓதிக்கொண்டே இருந்தாள். புண் ஆறியது. பார்வை தங்கியது. காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரை ஒரு சின்னப் புட்டியில் கொடுத்து, வாழ்நாள் முழுக்க இதைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம்.

கொஞ்ச காலம் கழித்து புட்டியை நிரப்பிக்கொள்ள இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். ஹாஜிரா மகளுக்கு நிக்காஹ் முடிந்திருந்தது. பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவைக்கிற நேரத்தில் வீட்டுப் பெண்கள் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்களாம். ஜைத்தூன் வளர்த்த பெண் அவள். ஜைத்தூன் கதவுக்குப் பின்னால் போய் நின்று, புட்டியைத் திறந்து, இரண்டு கண்ணிலும் தாராளமாக விட்டுக்கொண்டு வெளியே வந்தாளாம். ஓட்டை அடைத்த கண்ணில் தண்ணீர் எங்கே போகும்? கன்னம் முழுக்க வழிந்ததாம். பெண் அதைத் துடைத்துவிட்டு, மாமி அழுகிறாள், மாமி அழுகிறாள் என்று இன்னும் இறுகக் கட்டிக்கொண்டதாம். இதையெல்லாம் சொல்லிச் சொல்லி ஹாஜிரா சிரித்தாள், வழக்கம்போலக் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

நான் புட்டியை நிரப்பி ஜைத்தூனிடம் நீட்டினேன். ஆஸ்பத்திரித் தண்ணியையா அழுகைன்னு கணக்கு காட்டினீங்க என்று விளையாட்டாகக் கேட்டேன். அவள் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், முந்தானையில் முடிந்துகொண்டாள். "தண்ணி உங்களுதுதான் நர்ஸம்மா," என்றாள், "அழுதது நான்தான்."

மற்ற ஆஸ்பத்திரிகளில் அழுதுகொண்டு வருகிறவர்களைச் சிரிக்கவைத்து அனுப்புவார்கள், எங்கள் ஆஸ்பத்திரியிலோ சிரித்துக்கொண்டு வந்தவரையும் கண் கலங்கவைத்து அனுப்பினால்தான் அன்றைய வேலை ஒழுங்காக நடந்ததாக அர்த்தம்.